"வயசானா அப்படித்தான்" என்று இனி யாரும் சொல்லாதீர்கள்

கொஞ்சம் கோபமாகவே எழுதுகிறேன்.

எந்த விசேஷ வீட்டுக்குப் போனாலும் இந்தப் பேச்சுதான். "அப்பத்தா சாப்பிட்டதையே மறந்துட்டு, சோறு போடலைன்னு சண்டைக்கு வருது. வயசானா அப்படித்தான்." இல்லவே இல்லை. சாவியை வைத்த இடம் மறந்தால் வயசு. சாவி எதற்கென்றே தெரியாவிட்டால், ஐம்பது வருஷம் நடந்த தெருவில் வழி தெரியாவிட்டால், அது நோய்.

இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு முதுமை மறதி நோய் இருப்பதாக 2023இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு மதிப்பிட்டது. ஏறத்தாழ 88 லட்சம் பேர்.

"கண்டுபிடிச்சு என்ன செய்ய, குணமாகாதே" என்கிறீர்கள். சர்க்கரை மட்டும் குணமாகிறதா? மாத்திரை போடாமலா இருக்கிறீர்கள்? தைராய்டு கோளாறு, பி12 குறைவு, மனச்சோர்வு, கீழே விழுந்து தலைக்குள் கட்டிய ரத்தம், இவையும் மறதியைக் கொண்டுவரும். இவற்றுக்கு வைத்தியம் உண்டு. பரிசோதிக்காமல் எப்படித் தெரியும்? கோடாங்கியிடம் போகும் காசில் பெரியாஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடிக்கலாம். நரம்பியல், மனநலம் இரண்டு பிரிவும் அங்கே இருக்கிறது.

அல்சைமராகவே இருந்தாலும் கவனிப்பில் நிறைய இருக்கிறது. வாதாடாதீர்கள். தினமும் ஒரே நேரத்தில் குளியல், சாப்பாடு. ராத்திரி கழிப்பறைப் பக்கம் விளக்கு. சட்டைப்பையில் போன் நம்பர். காது கேட்காவிட்டால் கருவி, கண் மங்கினால் ஆபரேஷன். ரத்தக்கொதிப்பைக் கட்டுக்குள் வையுங்கள்.

இன்னொன்று. இந்தப் பாரம் முழுவதும் ஒரு மருமகள் தலையிலோ மகள் தலையிலோதான் விழுகிறது. வெளிநாட்டிலிருந்து வீடியோ காலில் "அம்மா, நான் யாருன்னு சொல்லு" என்று பரீட்சை வைக்கும் தம்பிகளே, பரீட்சை வைத்தது போதும். வருஷத்தில் ஒரு மாதம் வந்து பார்த்துக்கொள்ளுங்கள். முடியாவிட்டால் உதவிக்கு ஆள் வைக்கப் பணம் அனுப்புங்கள். நினைவு தப்பியவரிடம் பத்திரத்தில் கைநாட்டு வாங்க மட்டும் ஓடி வருகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் நல்ல வார்த்தை இல்லை.

அரசுக்கும் ஒரு வார்த்தை. 2021 ஆகஸ்ட் முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' வீட்டுக்கே வந்து சர்க்கரையும் பிரஷரும் பார்க்கிறது. நல்ல காரியம். அதே கையோடு பெரியவர்களின் ஞாபகத்தைப் பற்றியும் நாலு கேள்வி கேட்கட்டும்.

முதியோர் உதவி எண் 14567. எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டுப் பெரியவரிடம் மாற்றம் தெரிந்தால், இந்த வாரமே கூட்டிப் போங்கள்.