கால் நடக்கிறதா, கண் நடக்கிறதா?

தலையில் ஒரு கருவியை மாட்டிக்கொண்டு, நிற்கும் அறையை மறந்து, கணிப்பொறி படைத்துக் காட்டும் வேறோர் உலகில் புகுந்து உலவுவது இன்று வெறும் கதையாக இல்லை. மெய்நிகர் உலகு என்று நாம் அதனை அழைக்கிறோம். 1968ஆம் ஆண்டில் ஐவன் சதர்லண்டு என்னும் அமெரிக்க அறிஞர் இத்தகைய கருவியை முதன்முதலில் செய்து காட்டியபோது, அது கூரையிலிருந்து தொங்கிய ஓர் உலோகக் கையுடன் பிணைக்கப்பட்டிருந்தது. அணிந்தவர் அந்தக் கை எட்டும் அளவுக்குள்தான் அசையலாம். இன்று கயிறும் இல்லை, கம்பியும் இல்லை. ஆயினும் அன்றைய இடர்ப்பாடு வேறு உருவில் அப்படியே நிற்கிறது. கண்முன் விரியும் உலகுக்கு எல்லை கிடையாது; காலடியில் இருக்கும் அறைக்கோ பத்தடியில் சுவர். இந்தச் சுவரை இடித்துக்கொள்ளாமல் அந்த உலகில் எப்படி நடமாடுவது?

இந்த ஒரு வினாவுக்கு அறிஞர்கள் கண்ட விடைகள் எத்தனை தெரியுமா? 2021ஆம் ஆண்டில் சில ஆய்வாளர் ஒன்றுகூடி அவற்றைத் திரட்டியபோது, எண்ணிக்கை நூற்றைத் தாண்டியது. நின்ற இடத்திலேயே காலைத் தூக்கித் தூக்கி வைப்பது ஒன்று. கையை வீசி வீசி முன்னேறுவது ஒன்று. கைப்பிடிக் கருவியின் சிறு குமிழை விரலால் தள்ளி வழுக்கிச் செல்வது ஒன்று. எட்ட இருக்கும் இடத்தைச் சுட்டிக் காட்டியதும் அங்கே போய் நிற்பது ஒன்று. வெற்றுவெளியையே கையால் பற்றி இழுத்து உலகைத் தன்பால் கொணர்வதும் உண்டு! எந்தத் திசையில் நடந்தாலும் நடுவிலேயே நிறுத்தி வைக்கும் ட்ரெட்மில் மேடைகளும் உண்டு.

நூறு முறைகள் குவிந்துவிட்டால் வகை பிரிக்காமல் தீராது. பிரித்தும் இருக்கிறார்கள். இன்று பலரும் எடுத்தாளும் பிரிவு 2017இல் போலெட்சிஸ் என்பவர் வகுத்தது. உடலசைவால் நகர்தல், அறைக்குள் மெய்யாகவே நடத்தல், கைக்கருவியால் நகர்தல், தாவிச் செல்லல் என நான்கு பெட்டிகள். கற்பிப்பதற்கு எளிதான பிரிவு இது, மறுக்கவில்லை. ஆனால் அதன் முதற் பெட்டியைச் சற்றுத் திறந்து பாருங்கள். நின்ற இடத்தில் காலைத் தூக்கி வைப்பவரும் கையை வீசி நகர்பவரும் அங்கே ஒன்றாக இருக்கின்றனர். கை வீசுவதை நாற்காலியில் அமர்ந்தபடியே செய்யலாம்; காலைத் தூக்கி வைப்பதற்கு எழுந்து நிற்க வேண்டும். எழுந்து நிற்க இயலாத ஒருவருக்கு இவ்விரண்டும் ஒரே வகையா? பெட்டியின் பெயர்ச்சீட்டு அதைச் சொல்லவே இல்லை. இதுதான் என் குறை.

இதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன், 1997இல், டக் போமன் என்பவரும் அவருடன் ஆய்ந்தோரும் வேறு வழியில் சென்றனர். முறைகளுக்குப் பெயர் வைத்து அடுக்காமல், ஒவ்வொரு முறையையும் உறுப்பு உறுப்பாகப் பிரித்தார்கள். திசையையோ இலக்கையோ தேர்வது எவ்வாறு? விரைவைத் தேர்வது எவ்வாறு? தொடங்குவதும் நிறுத்துவதும் எதனால்? இம்மூன்றுக்கும் விடை கண்டால் எந்த முறையையும் விளக்கிவிடலாம். பார்க்கும் திசையில் செல்வதா, கை காட்டும் திசையில் செல்வதா என்பன போன்ற ஐயங்களைத் தனித்தனியே சோதித்துப் பார்க்கவும் இதனால் வழி பிறந்தது. அதே ஆய்வில் அவர்கள் கண்ட மற்றோர் உண்மையும் உண்டு: ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கண நேரத்தில் தாவியவர்கள், தாம் எங்கே நிற்கிறோம் என்பதறியாது திகைத்தனர். சொல்லிலக்கணம்போல் அமைந்த இந்தப் பகுப்பே எனக்கு உகந்தது. ஆயினும் இதிலும் ஒன்று விடுபட்டது. உலவுபவரின் உடலுக்குள் என்ன நிகழ்கிறது என்று அது கேட்கவில்லை.

உடல் என்றதும் உட்செவியைச் சொல்ல வேண்டும். நம் காதின் உள்ளே மூன்று அரைவட்டக் குழல்கள் இருக்கின்றன. தலை திரும்புவதை அவை உணர்கின்றன. அவற்றை ஒட்டிய இரு பைகள், நேர்க்கோட்டில் வேகம் கூடுவதையும் குறைவதையும் உணர்கின்றன. மாறாத வேகத்தில் செல்லும்போது இவை பேசுவதில்லை. மலைப்பாதையில் செல்லும் பேருந்தில் புத்தகம் படிப்பவருக்குக் குமட்டுவது ஏன்? வளைவுகளை உட்செவி உணர்கிறது. கண்ணோ அசையாத பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. இரண்டும் முரண்படுகின்றன. மெய்நிகர் உலகில் இம்முரண் தலைகீழாக அமைகிறது. குமிழைத் தள்ளினால் கண் ஓடுகிறது. உடல் நாற்காலியில் கிடக்கிறது. அதனால்தான் புறப்படும்போதும் திரும்பும்போதும் வயிறு புரள்கிறது. திரும்புவதைச் சட்டென்று ஒரே வெட்டில் முடித்துவிடுவதும், நகரும்போது பார்வையின் ஓரங்களைக் கருமையால் மூடுவதும் இதற்குக் கண்ட மருந்துகளே. பின்னதை 2016இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தார் சோதித்துப் பயன் கண்டனர்.

பெண்களுக்கே இந்த மயக்கம் மிகுதி என்று நெடுங்காலம் எழுதி வந்தார்கள். 2020இல் கே ஸ்டானி முதலியோர் ஆராய்ந்தபோது வேறு செய்தி வெளிப்பட்டது. கருவியின் இரு வில்லைகளுக்கும் இடையே உள்ள தொலைவு பெண்கள் பலரின் கண்களுக்குப் பொருந்தவில்லை என்பதே அதன் முதன்மைக் காரணம். கருவியின் குறையை உடலின் குறையாக எழுதிவைத்த பழக்கம் இத்துறைக்குப் புதிதன்று போலும்.

எனவே எந்த முறையைப் பற்றியும் முதலில் கேட்க வேண்டிய வினாக்கள் இரண்டு என்பேன். கண் காணும் அசைவை உடலும் உணர்கிறதா? அந்த அசைவை உண்டாக்க எந்த உறுப்பு கட்டாயம் இயங்கியாக வேண்டும்? கருவி எது, அதை ஆக்கியோர் யார் என்பவையெல்லாம் இவற்றுக்குப் பிறகே. தொல்காப்பியர் உயிர்களை வகுக்கும்போது, அவை பெற்ற அறிவின் எண்ணிக்கை கொண்டு ஓரறிவு முதல் ஆறறிவு வரை நிரல்படுத்தினார். உலகை ஓர் உயிர் எவ்வாறு உணர்கிறது என்பதே அங்கு அளவுகோல். நடமாடும் முறைகளுக்கும் அத்தகைய அளவுகோல் ஒன்று வேண்டும்.

இந்த அளவுகோலைக் கையில் எடுத்தால் முதலிடம் பெறுவது மெய்யான நடையே. கண்ணும் செவியும் காலும் அதில் ஒத்துப்போகின்றன. 1999இல் நடந்த புகழ்பெற்ற சோதனை ஒன்றில், காலடியில் ஆழ்பள்ளம் தெரியும் மெய்நிகர் அறையில் சிலரை நடக்கவிட்டார்கள். சிலரை நின்ற இடத்தில் நடக்கச் செய்தார்கள். சிலரை விசையை அழுத்திப் பறக்கவிட்டார்கள். அவ்வுலகில் தாமே இருப்பதான உணர்வு பறந்தவர்களைவிட நடந்தவர்களுக்கே மிகுதி. எளிமையிலும் இயல்பிலும் மெய்நடையே முந்தியது. ஆனால் மெய்நடைக்கு இடம் வேண்டுமே!

இவ்விடத்தில்தான் இத்துறையின் மிக வியப்பான தந்திரம் புகுகிறது. 2001இல் ஷரீஃப் ரசாக் முதலியோர் அறிவித்த முறை அது. திசை திருப்பிய நடை எனலாம். நடப்பவர் தலையைத் திருப்பும்போது, கணிப்பொறி அவர் திரும்பியதைவிடச் சிறிது கூடுதலாகவோ குறைவாகவோ உலகைச் சுழற்றிக் காட்டுகிறது. அவர் தம்மை அறியாமலே அதற்கேற்பத் தம் நடையைத் திருத்திக்கொள்கிறார். நேர்வழியே செல்வதாக எண்ணிக்கொண்டு வட்டமடிக்கிறார். சுவர் வரவே வராது. எவ்வளவு ஏமாற்றலாம் என்றும் அளந்துவிட்டார்கள். 2010இல் ஸ்டைனிக்கே முதலியோர் கண்ட கணக்கின்படி, நடக்கும் தொலைவைக் கண்ணுக்கு 26 விழுக்காடு கூட்டியோ 14 விழுக்காடு குறைத்தோ காட்டினால் ஆள் அறியமாட்டார். நேராக நடப்பதாக நம்பவைக்க வட்டத்தின் ஆரம் குறைந்தது 22 மீட்டராவது இருக்க வேண்டும். அப்படியானால் விட்டம் 44 மீட்டர். கூடைப்பந்து ஆடுகளத்தின் நீளமே 28 மீட்டர்தான்! தந்திரம் அழகானது, அதை ஆட ஒரு பெருமண்டபம் வேண்டும். எத்தனை வீடுகளில் அது கிடைக்கும்?

ஆகவே கட்டிலுக்கும் மேசைக்கும் இடையே ஆறடி இடமுள்ளவர், நாற்காலியை விட்டு எழ இயலாதவர், ஒரு கையே உள்ளவர், சிறிது சுழன்றாலும் தலை கிறுகிறுப்பவர் ஆகிய எல்லோருக்கும் மெய்நடையே உயர்வு என்று தீர்ப்புரைத்தால் அது பாதிப்பேரை வாசலில் நிறுத்துவதாகும். தாவிச் செல்லும் முறையை மட்டமென ஏளனம் செய்யும் ஆட்டக்காரர் பலர் உண்டு. திகைப்பு உண்டாக்கும் என்பது மெய்தான். ஆனால் கண்முன் காட்சி ஓடாததால் வயிற்றுக்கு அது நல்லது. நாற்காலியில் இருந்தபடியே செய்யலாம். விரல் ஒன்று போதும். மேற்சொன்ன இரு வினாக்களையும் கேட்டிருந்தால் அந்த ஏளனம் எழுந்தே இராது. விளையாட்டுக்கு மட்டும் இவ்வுலகு என்றிருந்தால் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. அறுவை மருத்துவமும் தீயணைப்பும் விமானம் ஓட்டுதலும் கற்பிக்க இக்கருவிகள் பயன்படுகின்றன. குமட்டலால் பாதியில் கருவியைக் கழற்றிவைக்கும் மாணவர் அப்பாடத்தை இழக்கிறார்.

இதில் வணிகர் ஆய்வாளரைவிட ஓரடி முந்திச் சென்றனர் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். 2016இல் இக்கருவிகள் வீட்டுக்கு வந்தபோதே, ஸ்டீம் என்னும் மென்பொருள் அங்காடி ஒவ்வோர் ஆட்டத்தின்மீதும் அமர்ந்து ஆடுவது, நின்று ஆடுவது, அறையில் நடந்து ஆடுவது எனக் குறித்து வைத்தது. ஆக்குலஸ் அங்காடி, உடலுக்கு இதமானது, நடுத்தரமானது, கடுமையானது என மூன்று தரமிட்டது. 2020இல் வந்த ஹாஃப்-லைஃப்: அலிக்ஸ் என்னும் ஆட்டம் தாவல், வழுக்கல் என ஒன்றுக்கு மேற்பட்ட நடமாடும் முறைகளை உள்ளே வைத்து, ஆடுபவரே தேர்ந்துகொள்ளவிட்டது, அமர்ந்தும் ஆடலாம், ஒரே கைக்கருவியாலும் ஆடலாம் என இடம் தந்தது. வாங்குபவர் திருப்பித் தந்துவிடுவாரே என்னும் அச்சம் அவர்களை இவ்வழியில் செலுத்தியிருக்கலாம், அதனால் என்ன? ஆயினும் கடுமையானது என்ற ஒற்றைச் சொல் போதாது. எந்த அசைவால் கடுமை, எந்த உறுப்புக்குக் கடுமை என்பது அந்தச் சீட்டில் இல்லை. திருப்பம் வெட்டுத் திருப்பமா, வழுக்குத் திருப்பமா? எழுந்து நிற்காமல் முடிவு வரை செல்லலாமா? இரு கைகளும் வேண்டுமா? கருவியை வாங்குவதற்கு முன்பே ஒருவர் அறிந்துகொள்ள வேண்டிய செய்திகள் இவை. அட்டைப்பெட்டியின் முகப்பில் மூன்று வரிகளில் அச்சிட்டுவிடலாம்.