சந்தோஷமும் தலையெழுத்தும்

விருத்தாசலத்தில் செத்தால் முக்தி உண்டு, அதுவும் காசியைவிட ஒரு வீசம் அதிகம் என்று வெகுகாலமாகச் சொல்லி வருகின்றார்கள். அவ்வூருக்கு விருத்தகாசி என்ற பெயரும் உண்டு. சரி, செத்தவனுக்கு வீசம் அதிகமாகவே கிடைக்கட்டும். அதே ஊரில் பீங்கான் சூளைக்கு முன் நின்று வேகின்றவனுடைய சந்தோஷத்திற்கு வழி என்ன என்றுதான் நாம் கேட்கின்றோம்.

கலியாணமானாலும், சாவு நேர்ந்தாலும், வேலை போனாலும் நம் ஜனங்கள் தலையெழுத்து என்கின்றார்கள். அந்த எழுத்தை எவனும் படித்துப் பார்த்ததில்லை. ஜெர்மனியிலோ மனிதனையே கேட்டுப் பார்த்தார்கள். 1984 முதல் வருஷந்தோறும் அதே ஆட்களிடம், "உன் வாழ்க்கை உனக்கு எவ்வளவு திருப்தி?" என்று கேட்டு, 0 முதல் 10 வரை மார்க்குப் போடச் சொல்லுகின்றார்கள். அக்கணக்கை ஆராய்ந்து கிளார்க், டீனர் முதலிய நால்வர் 2008-ல் வெளியிட்ட முடிவு என்ன? கலியாணச் சந்தோஷம் சில வருஷங்களில் பழைய அளவுக்கே இறங்கிவிடுகின்றது. துணையை இழந்த துக்கமும் வருஷங்கள் செல்ல ஆறிவிடுகின்றது. வேலையில்லாத துயரம் மாத்திரம், முக்கியமாக ஆண்களுக்கு, எளிதில் ஆறுவதில்லை.

பீங்கான் தொழிலாளிக்கு இது நன்றாய் விளங்கும். காய்ந்த பச்சைமண் பொம்மை தண்ணீர் பட்டால் கரைந்து மறுபடியும் மண்ணாகும். சூளையில் வெந்தது கரையவே கரையாது. வாழ்க்கையில் வரும் சம்பவங்களும் இவ்விரண்டு தினுசுதான்.

நம்மவர் செய்வதென்ன? கரைந்து போகின்ற ஒருநாள் சந்தோஷத்துக்காக, நாள் பார்த்து, பந்தல் போட்டு, நிலத்தை அடகு வைக்கின்றார்கள். மாலை மாற்றிக்கொண்டாலும் கலியாணம் செல்லும் என்று 1967-ல் நமது சட்டசபையே சட்டம் செய்த பிறகும் இப்படி! சந்தோஷம் இரண்டு வருஷம், கடனோ இருபது வருஷம். இதற்குப் பெயர் விதியா, புத்தியீனமா?

விதவை விஷயம் இதைவிடக் கொடுமை. தானாக ஆறக்கூடிய புண்ணை ஆறவிடாமல், பூவையும் பொட்டையும் பறித்து, நல்ல காரியத்துக்கு வராதே என்று மூலையில் உட்கார வைத்தால் எப்படி ஆறும்? 1856-லேயே விதவை மறுமணத்துக்குச் சட்டம் வந்தும், பச்சைமண்ணாய்க் கரைய வேண்டிய துக்கத்தைச் சூளையில் வைத்துச் சுட்டது யார்? கடவுளா? வழக்கம் என்று சொல்லிக்கொண்டு நாமேதான்.

ஜெர்மானியன் கணக்கு நமக்குப் பொருந்துமா என்று சிலர் கேட்கலாம். வேறெங்கும் போக வேண்டாம். உங்கள் தெருவில் கலியாணமாகி ஐந்து வருஷமானவனையும், ஐந்து வருஷமாய் வேலையற்றவனையும் பக்கத்தில் நிறுத்திக் கேட்டுப் பாருங்கள்.

ஆகவே நாம் சொல்லுவது இதுதான். பந்தலில் எரிக்கும் பணத்தைப் பிள்ளைகளின் படிப்பிலும் தொழிலிலும் போடுங்கள். விருத்தாசலத்திலேயே பீங்கான் தொழில் கற்பிக்க அரசாங்கக் கல்விச்சாலை இருக்கின்றது. வேலையிழந்தவனைச் சோம்பேறி என்று ஏசாமல், அவனுக்கு வேலை கேட்டுச் சர்க்காரிடமும் முதலாளியிடமும் எல்லோரும் சேர்ந்து போராடுங்கள். செத்த பிறகு கிடைக்கும் வீசத்தைவிட, இருக்கும்போது கிடைக்கும் கூலியே மேல்.