சமாதானம் செய்பவருக்கு ஊதியம் தரலாமா?

ஜகாத் பெறத் தகுதியுடைய எட்டுப் பிரிவினரைப் பற்றிப் பாடம் நடத்தும்போது, கடன்பட்டோர் என்னும் பிரிவில் நாம் சற்று நின்று விளக்குவது வழக்கம். இரு கூட்டத்தாரின் இரத்தப் பகையைத் தீர்ப்பதற்காகக் கடனை ஏற்றுக்கொண்டவர் செல்வந்தராயினும், அவருக்கு ஜகாத் நிதியிலிருந்து கொடுக்கலாம் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் சட்டம். பணக்காரருக்கா ஜகாத் என்று மாணவர்கள் வியப்பார்கள்.

அமெரிக்க நகரங்களின் துப்பாக்கி வன்முறை குறித்துப் படிக்கையில் இச்சட்டமே நம் நினைவுக்கு வருகிறது. அங்கே பள்ளிக்கூடத்தில் நடக்கும் துப்பாக்கிச் சூடு உலகச் செய்தியாகிறது. ஒரே பகுதி இளைஞர்கள் பழிக்குப் பழியாக ஒருவரையொருவர் சுட்டு மாய்வது உள்ளூர்ச் செய்தியோடு முடிந்துவிடுகிறது.

கலிபோர்னியாவின் ரிச்மண்ட் நகரில் 2007ஆம் ஆண்டு 47 கொலைகள் நிகழ்ந்தன. அவ்வாண்டே நகர நிர்வாகம், காவல்துறையைச் சாராத தனி அலுவலகம் ஒன்றைத் தொடங்கியது. சிறை சென்று திருந்தியவர்களையே ஊழியராக்கி, சுடக்கூடும் அல்லது சுடப்படக்கூடும் என அஞ்சப்பட்ட இளைஞர்களிடம் அனுப்பியது. 2010 முதல், திருந்தி முன்னேறும் இளைஞருக்கு மாதம் 1,000 டாலர் வரை உதவித்தொகையும் கிடைத்தது. அத்தொகை தனியார் நன்கொடை. குற்றவாளிக்குக் கூலியா என்று பலர் சினந்தனர். 2014இல் கொலைகள் 11ஆகக் குறைந்தன. துப்பாக்கியால் நேரும் மரணமும் மருத்துவமனைச் சேர்க்கையும் இத்திட்டத்தால் 55 விழுக்காடு குறைந்ததாக 2019இல் வெளிவந்த ஆய்வு மதிப்பிட்டது. துப்பாக்கி அல்லாத வன்முறை சற்றுக் கூடியதாகவும் அதே ஆய்வு சொல்கிறது. அதை மறைப்பது நீதியாகாது.

சிகாகோவில் இப்பணியைச் செய்தவர்களுள் நம் சகோதரி அமீனா மேத்யூஸும் ஒருவர். ஒருகாலத்தில் கும்பல் வாழ்வில் இருந்தவர், பின்னாளில் ஹிஜாப் அணிந்து, சண்டைக்கு ஆயத்தமாகும் இளைஞர்களுக்கு நடுவே சென்று நின்றார். 2011இல் வெளிவந்த ‘தி இன்டரப்டர்ஸ்’ ஆவணப்படத்தில் அவரைக் காணலாம்.

நம் ஊர்களில் ஜமாஅத் பெரியவர்கள் ஊதியமின்றித்தான் பஞ்சாயத்துப் பேசுகிறார்கள். உண்மை. ஆனால் அவர்களுக்குக் கடையோ நிலமோ இருக்கிறது. சிறையிலிருந்து திரும்பியவருக்கு என்ன இருக்கிறது?

2022 ஜூனில் அமெரிக்க மத்திய அரசு, இத்தகைய பணிகளுக்கு ஐந்தாண்டுகளில் 25 கோடி டாலர் வழங்கச் சட்டம் இயற்றியது. 2025 ஏப்ரலிலோ, அந்நாட்டு நீதித்துறை அமைச்சகம் நூற்றுக்கணக்கான மானியங்களை நடுவழியில் நிறுத்தியது. வன்முறைத் தடுப்புக் குழுக்கள் பலவும் அவற்றை இழந்தன. வீண்செலவைக் கணக்குப் பார்ப்பது அரசின் கடமை என்பதில் நமக்கு ஐயமில்லை. எனினும், இது பாலம் கட்டும் ஒப்பந்தமன்று, விட்ட இடத்திலிருந்து தொடர்வதற்கு. ஊதியம் நின்றால் அந்த ஊழியர் வேறு பிழைப்புத் தேடிப் போவார். நள்ளிரவில், கையில் துப்பாக்கியுடன் ஓர் இளைஞன் அவரை அழைக்கிறான்; எவரும் எடுக்கவில்லை. அடுத்த ஆண்டு மானியம் திரும்பக் கிடைத்தாலும், அந்த எண்ணை அவன் மீண்டும் அழைப்பானா?