ஸோஹ்ராவின் பிள்ளைகள் போன பயணங்கள்



பெண்பிள்ளை ஒருத்தி வெளியூர் போக வேண்டும் என்று வாய் திறந்தால் எமது வீடுகளில் முதலில் வரும் கேள்வி "ஆரோட போறாய்?" என்பதுதான். "எதுக்குப் போறாய்?" என்பது அதற்குப் பிறகு. பாடசாலை வாத்தியக் குழுவில் நன்றாக வாசிக்கும் பிள்ளை, கொழும்பில் போட்டி என்று அனுமதிக் கடிதம் கொண்டு வரும். தாய் அதை வாங்கி அலுமாரிக்குள் வைத்துவிட்டு, கையெழுத்து வைக்கும் கடைசி நாள் போகும்வரை ஒன்றும் பேசாமல் இருப்பாள். இதை நான் ஒரு வீட்டில் அல்ல, பல வீடுகளில் கண்டிருக்கிறேன். அந்தத் தாய்மாரில் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. பிள்ளைகளை வெளியே விட்டு, திரும்பி வராததைக் கண்ட மண் இது.

ஆகவே இம்மாதம் எம்மைப் போலவே யுத்தத்தைக் கண்ட இன்னொரு நாட்டில், பதின்மூன்று வயதிலிருந்து இருபது வயது வரையான பெண்பிள்ளைகள் வாத்தியங்களைத் தூக்கிக்கொண்டு போன பயணங்களைப் பற்றி எழுதலாம் என்று எண்ணினேன். நாடு ஆப்கானிஸ்தான். இசைக்குழுவின் பெயர் ஸோஹ்ரா. பாரசீக மொழியில் வெள்ளிக் கோளுக்கு வழங்கும் பெயர் அது. அம்மொழி இலக்கியத்தில் இசையின் தேவதையும் அவள்தான்.

1996 முதல் 2001 வரை தலிபான்கள் ஆண்ட காலத்தில் அந்நாட்டில் இசை தடை செய்யப்பட்டிருந்தது. பெண்பிள்ளைகளுக்குப் பாடசாலையும் இல்லை. அந்த ஆட்சி வீழ்ந்து சில ஆண்டுகளின் பின், அவுஸ்திரேலியாவில் இசை ஆராய்ச்சி செய்து கலாநிதிப் பட்டம் பெற்ற அஹ்மத் சர்மஸ்ட் என்ற ஆப்கானியர் நாடு திரும்பினார். 2010இல் காபூல் நகரில் தேசிய இசைக் கல்லூரி ஒன்றைத் தொடங்கினார். ஆணும் பெண்ணும் ஒரே வகுப்பில் இருந்து படித்தார்கள். பெருந்தொகையான இடங்கள் அநாதைப் பிள்ளைகளுக்கும் தெருவில் பொருள் விற்றுத் திரிந்த பிள்ளைகளுக்கும் ஒதுக்கப்பட்டன. தாய் தகப்பன் இல்லாத பிள்ளைக்கு முதலில் சோறும் துணியும்தானே வேண்டும், வயலின் எதற்கு என்று கேட்பவர்கள் அங்கும் இருந்திருப்பார்கள். சோறும் கொடுத்து வயலினும் கொடுக்கலாம் என்பது அந்த மனிதரின் எண்ணம். எனக்கு அதில் உடன்பாடு.

அக்கல்லூரியின் இளைஞர் இசைக்குழு 2013 பெப்ரவரியில் அமெரிக்கா போய், வாஷிங்டனில் கென்னடி நிலையத்திலும் நியூயோர்க்கில் கார்னகி மண்டபத்திலும் வாசித்தது. உலகப் புகழ் பெற்றவர்கள் ஏறும் மேடைகள் அவை. பிரெஞ்சு இசையமைப்பாளர் ரவேலின் 'பொலேரோ'வை இந்தப் பிள்ளைகள் தங்கள் நாட்டு ரபாபையும் தபலாவையும் சேர்த்து வாசித்தார்கள்.

ரபாப் என்பது முசுக்கட்டை மரத்தைக் குடைந்து, ஆட்டுத்தோல் போர்த்திச் செய்யும் நரம்பு வாத்தியம். பிரதான தந்திகளுக்குக் கீழே தாமாகவே அதிரும் தந்திகளும் உண்டு. ஆப்கானிய இசை எமது இசையைப் போல ஒற்றை இராக ஓட்டத்தில் போவது, குருவிடம் கேட்டுக் கேட்டுப் பழகுவது. மேல்நாட்டு ஓர்கெஸ்ட்ராவிலோ ஒவ்வொருவருக்கும் தனித்தனித் தாள். ஒருவர் வாசிக்கும்போது மற்றவர் எண்ணிக்கொண்டு காத்திருக்க வேண்டும். இரண்டையும் பொருத்த வேண்டுமானால் நாட்டுப்பாடல்களை யாராவது சுரக்குறியீட்டில் எழுதி, வயலினுக்கு இவ்வளவு, ரபாபுக்கு இவ்வளவு என்று பிரித்துக் கொடுக்க வேண்டும். அதோடு தோல் வாத்தியமும் மர வாத்தியமும் குளிரையும் ஈரத்தையும் பொறுக்கா. விமானத்தால் இறங்கிய கையோடு சுருதி போய்விடும். அறைக்குள் கொண்டுபோய்ச் சூடு பிடிக்கவிட்டு மறுபடி கூட்ட வேண்டும். மேடையில் காணும் ஒரு மணி நேரத்துக்குப் பின்னால் இவ்வளவு பாடு இருக்கிறது.

2014இல் அக்கல்லூரி மாணவி ஒருத்தி சர்மஸ்ட்டிடம் போய், பெண்பிள்ளைகளுக்கென்று ஒரு குழு வேண்டும் என்று கேட்டாள். அவள் கேட்டதால் உருவானதுதான் ஸோஹ்ரா. சிறு குழுவாகத் தொடங்கி, முப்பதுக்கு மேற்பட்ட பெண்களைக் கொண்ட இசைக்குழுவாக வளர்ந்தது. பின்னர் அந்த மாணவி சொந்த ஊருக்கு ஒரு கலியாணத்துக்குப் போனவள் கல்லூரிக்குத் திரும்பவில்லை. முதலில் கேட்டவளுக்கு அதன் பயணங்களில் இடம் கிடைக்காமற் போனது. படித்தபோது என் மனம் அந்த வரியிலேயே நின்றுவிட்டது.

அதே 2014 டிசம்பரில் காபூலில் கல்லூரி மாணவர்கள் இசை வழங்கிய நாடக மேடையொன்றில் தற்கொலைக் குண்டு வெடித்தது. குண்டு கொண்டு வந்தவனும் ஒரு பதின்ம வயதுப் பையன். சர்மஸ்ட்டின் தலையில் குண்டுச் சிதறல்கள் பாய்ந்தன, செவிப்பறைகள் கிழிந்தன. அவுஸ்திரேலியாவில் சத்திர சிகிச்சை செய்துகொண்டு மறுபடி காபூலுக்கே வந்து கல்லூரியை நடத்தினார்.

ஸோஹ்ராவை நடத்தியவர்களில் ஒருத்தி நெகின் கபல்வாக். குனார் மாகாணத்தைச் சேர்ந்தவள், காபூலில் அநாதை இல்லமொன்றில் இருந்து படித்தவள். தகப்பன் அவள் பக்கம். அப்பம்மாவோ, இவளை இசைப் பள்ளிக்கு விட்டால் நீ என் மகனே இல்லை என்று தகப்பனிடம் சொல்லிவிட்டார். தொலைக்காட்சியில் வாசித்தபின் ஊருக்குப் போனபோது ஆண் உறவினர்கள் தன்னை அடிக்க முற்பட்டதாகவும், உடனேயே காபூலுக்குத் திரும்ப வேண்டி வந்ததாகவும் அவள் செய்தியாளர்களிடம் கூறியிருக்கிறாள். மற்றவள் சரீபா அதீபா. வயோலா வாசிப்பவள். வயலினிலும் கொஞ்சம் பெரிது வயோலா, குரலும் தாழ்ந்தது. தான் இசை படிப்பதைத் தாயையும் தாயின் மறுமணக் கணவரையும் தவிர மற்ற உறவினருக்கு அவள் சொல்லவில்லை. சொன்னால் மறித்துவிடுவார்கள் என்று தெரியும்.

இந்த நிலையில்தான் 2017 ஜனவரி வந்தது. சுவிற்சர்லாந்தின் டாவோஸ் நகரில் ஆண்டுதோறும் நடக்கும் உலகப் பொருளாதார மாநாட்டில் வாசிக்க ஸோஹ்ராவுக்கு அழைப்பு. அல்ப்ஸ் மலையில் 1500 மீற்றருக்கும் அதிக உயரத்தில் உள்ள ஊர் டாவோஸ். ஜனவரியில் எங்கும் பனி. நாட்டுத் தலைவர்களும் பெருங்கம்பனிகளின் முதலாளிகளுமாக 3000 பேரளவில் கூடும் இடம். சரீபாவுக்கு அப்போது 18 வயது, நெகினுக்கு 20. குழுவில் பதின்மூன்று வயதுப் பிள்ளையும் இருந்தது.

எமது வீட்டில் ஒரு பிள்ளையை அந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். பெரியப்பா, மாமாமாருக்குத் தெரியாமல் இரண்டரை வருடமாக ஒரு வாத்தியம் பழகுகிறாள். இப்போது அதே வாத்தியத்தோடு வெளிநாடு போகிறாள். அங்கே கமெரா இருக்கும், படம் வெளிவரும். ஒளித்து வைக்க இனி வழியில்லை. அவளுக்கு அந்தப் பயணம் ஊர் பார்க்கும் பயணமல்ல. விமானம் ஏறுவதென்றால் வீட்டில் எல்லோருக்கும் உண்மையைச் சொல்லுவதற்குச் சமம். தாய்க்கும் அது தெரியும், தெரிந்தே அனுப்பினாள். வீரப் பெண் என்று பத்திரிகைகள் மகளைத்தான் எழுதின. என்னைக் கேட்டால் முதற் பெயர் தாயினுடையது.

தங்கள் நாட்டு உடையும் தலைத்துணியுமாக மேடையேறினார்கள். மாநாட்டின் நிறைவு இசை நிகழ்ச்சியும் அவர்களுடையதே. நெகினும் சரீபாவும் மாறி மாறிக் குழுவை நடத்தினார்கள். ஓர்கெஸ்ட்ராவை நடத்துவது என்றால் முதுகைச் சபைக்குக் காட்டி நின்று, கையசைவால் முப்பது பேரையும் ஒரே மூச்சில் கொண்டுபோவது. அந்நாட்டில் பெண்ணொருத்தி அதைச் செய்வது அதுவரை இல்லாத காட்சி. பிறகு சூரிச், ஜெனீவா, ஜேர்மனியின் வைமார், பெர்லின் என்று பயணம் நீண்டது. சரீபா வீடு திரும்பியபோது மாமாமார் செய்தியைப் பார்த்திருந்தார்கள். அவர்கள் கோபிக்கவில்லை, பெருமைப்பட்டார்கள் என்று அவள் பின்னர் சொன்னாள். எல்லா வீட்டிலும் அப்படி முடிந்திருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் மறிப்பார்கள் என்று நாம் பயந்திருக்கும் ஆண்களில் சிலர், நடந்து முடிந்ததும் கூட்டத்தில் முன்னுக்கு வந்து நிற்பார்கள். இதை நாமும் கண்டிருக்கிறோம்தானே.

2019இல் லண்டனில் பிரித்தானிய நூதனசாலையிலும், வேறு நாடுகளிலும் ஸோஹ்ரா வாசித்தது. அந்த ஆண்டுகளில் இவர்கள் ஒவ்வொரு முறையும் திரும்பி வந்தார்கள். காபூலில் வாத்தியத்தைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் நடப்பதே துணிச்சலாக இருந்த காலத்திலும் திரும்பி வந்து மறுநாள் வகுப்புக்குப் போனார்கள்.

2021 ஓகஸ்ட் 15ஆம் திகதி தலிபான்கள் காபூலைப் பிடித்தனர். செய்தி கேட்டதும் நெகின் தன் அறையில் இருந்த அலங்கார மேளத்தை ஒளித்தாள். புகைப்படங்களையும், தன்னைப் பற்றி வந்த பத்திரிகைத் துண்டுகளையும் ஒன்றாகக் குவித்து எரித்தாள். டாவோஸ் மேடையில் நின்ற படங்கள் இனி அவளுக்கெதிரான சாட்சிகள். ஊரை விட்டு ஓடுமுன் அல்பங்களைக் கிணற்றடியில் புதைத்தவர்களும், அடுப்பில் போட்டவர்களும் இந்தப் பக்கத்தை வாசிப்பீர்கள். உங்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை. நெகின் பின்னர் அமெரிக்கா போய்ச் சேர்ந்தாள்.

கல்லூரியில் மிஞ்சியவர்கள் ஓகஸ்ட் கடைசியில் பஸ்களில் ஏறி விமான நிலைய வாசல் வரை போனார்கள். மணிக்கணக்காகக் காத்திருந்தும் உள்ளே விடப்படாமல் வீடுகளுக்குத் திரும்பினார்கள். நாலரை வருடத்துக்கு முன் டாவோஸில் எழுந்து நின்று கைதட்டிய பெரிய மனிதர்களில் எத்தனை பேர் அன்றிரவு ஒரு தொலைபேசி அழைப்பாவது எடுத்தார்களோ! அப்போது அவுஸ்திரேலியாவில் இருந்த சர்மஸ்ட் அங்கிருந்தே பல நாட்டவர்களுடன் பேசினார். ஒக்டோபர் 3ஆம் திகதி 101 பேர் கட்டாருக்குப் பறந்தனர். நவம்பருக்குள் மொத்தம் 273 பேர் வெளியேறி, டிசம்பரில் போர்த்துக்கல் நாட்டில் புகலிடம் பெற்றனர். வாத்தியங்கள் காபூலிலேயே நின்றன. பல பிள்ளைகள் பெற்றோரையும் விட்டுவிட்டே போனார்கள். முன்பு "எப்ப திரும்பி வருவாய்?" என்று கேட்டுப் பிள்ளையை அனுப்பிய தாய்மார் இம்முறை அதைக் கேட்கவில்லை.

போர்த்துக்கலின் வடக்கே பிராகா என்ற நகரில் கல்லூரி மறுபடி உருவெடுத்தது. வாத்தியங்களை அன்பளிப்பாகப் பெற்று ஆணும் பெண்ணுமாகப் பழகினார்கள். ஆப்கானிஸ்தானிலோ 2023 ஜூலையில் ஹெராத் மாகாணத்தில் வாத்தியங்களைக் குவித்துத் தீ வைத்தார்கள். 2024 ஓகஸ்டில் பெண்ணின் குரல் பொது இடத்தில் கேட்கக்கூடாது என்ற சட்டமும் வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் ரபாப் செய்யும், வாசிக்கும் கலையை யுனெஸ்கோ மனித குலத்தின் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. ஆப்கானிஸ்தானோடு ஈரான், தஜிகிஸ்தான், உஸ்பெகிஸ்தான் நாடுகளின் பெயர்களும் அதில் உள்ளன.

இப்பிள்ளைகளின் பிற்காலப் பயணங்கள் முன்னையவை போல இலேசானவையல்ல. 2024 மார்ச்சில் இங்கிலாந்தில் நிகழ்ச்சிகள் ஒழுங்காகி நுழைவுச்சீட்டுகளும் விற்ற பின், 14 வயது முதல் 22 வயது வரையான 47 பேருக்கும் விசா மறுக்கப்பட்டது. பலரும் குரல் எழுப்பியதால் பயணத்துக்கு முந்திய நேரத்தில் அந்த முடிவு மாற்றப்பட்டு, லண்டனில் தேம்ஸ் நதிக்கரை மண்டபத்தில் வாசித்தார்கள். அகதியின் கையில் உள்ள வாத்தியப் பெட்டியைக் கண்டாலும் அதிகாரிகளின் கண்ணுக்கு முதலில் படுவது அகதிதான்.

அவ்வாண்டு ஓகஸ்டில் மறுபடி கார்னகி மண்டபம். உலகின் பல நாட்டு இளைஞர் இசைக்குழுக்களை அழைத்த விழா அது. 2013இல் அதே மேடைக்கு வந்தவர்கள் பெரியவர்களாகி எங்கெங்கோ சிதறிவிட்டார்கள். இம்முறை வந்தவர்கள் அவர்களுக்குப் பின்னால் பிறந்த தம்பி தங்கைகள் போன்றவர்கள். அன்று காபூலிலிருந்து போன ரபாப் இன்று போர்த்துக்கலிலிருந்து போயிற்று. நிகழ்ச்சி முடிந்து பெட்டியில் வைத்துக் கட்டித் திரும்பிப் போனதும் போர்த்துக்கலுக்குத்தான்.