யாருக்குப் பகல்?

2014-இல் உற்பத்தி நின்றுபோன மாருதி 800 வண்டியை இன்றும் வைத்துப் பிழைக்கும் தோழர்கள் சிலர், முகப்பு விளக்கில் எல்.இ.டி. பல்பை மாட்டிக்கொண்டு, "பகல் போல அடிக்கிறது" என்று பூரிக்கிறார்கள். யாருக்குப் பகல்? இரவு ஷிப்டு முடித்து எதிரே சைக்கிளில் வருகிறானே தொழிலாளி, அவனுக்கு அது கும்மிருட்டல்லவா!

அந்த விளக்கின் கிண்ணம் எச்4 ஹாலஜன் பல்புக்கென்றே வார்க்கப்பட்டது. இழை எரியும் இடத்தைக் கணக்கிட்டுத்தான் ஒளியைச் சாலையில் இறக்குகிறது. எல்.இ.டி.யோ பட்டைச் சில்லு. இடம் சற்றே பிசகினாலும் ஒளி சிதறி எதிரில் வருபவன் முகத்தில் அறைகிறது. மின்சாரம் மிச்சம்தான், மறுக்கவில்லை.

ஆனால் பழைய வண்டியில் வெளிச்சம் மங்குவது பெரும்பாலும் பல்பின் குற்றமா? கிண்ணத்தின் பூச்சு கறுத்திருக்கும். கிளம்பிய வோல்ட்டை ஒயரும் ஸ்விட்சும் வழியிலேயே தின்றிருக்கும், இடைத்தரகன் கூலியைத் தின்பது போல! பேட்டரியிலிருந்து தடித்த ஒயர் இழுத்து, பியூசும் ரிலேயும் வைத்து, கிண்ணத்தையும் மாற்றிப் பாருங்கள். பழைய 60/55 வாட் பல்பே போதும்.

எட்டு மீட்டர் தள்ளி நிற்பவன் கண்ணைக் கூசச் செய்யாதே என்கிறது, 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளின் 106-ஆவது விதி. அபராதம் கட்டுவது வண்டிக்காரன். விற்றவன் கல்லாவில் அமர்ந்து சிரிக்கிறான். சோதனையை அந்தக் கடை வாசலில் அன்றோ தொடங்க வேண்டும்?