இணையத்தின் வாசல் யார் கையில்?

சென்ற காலபோக அறுவடை முடிந்த கையோடு எமது குடியிருப்பிலிருந்து ஒரு குடும்பம் தன் சொந்தக் காணிக்குத் திரும்பிச் சென்றது. முப்பது வருடத்துக்கு மேல் காத்திருந்து கிடைத்த காணி. சாமான்கள் ஏற்றிய லான்ட்மாஸ்டருக்குப் பின்னால் நாம் எல்லோரும் சந்தி வரை நடந்து சென்று வழியனுப்பினோம். அந்த மகிழ்ச்சியில் எவரும் நினைத்துப் பாராத ஒரு விடயம் மூன்றாம் நாள் தெரிய வந்தது. அருகருகே உள்ள எமது 9 வீடுகளுக்கும் வந்துகொண்டிருந்த இணையம் நின்று போயிருந்தது.

இணைப்பு அவர்களது பெயரில் இருந்தது. கம்பனி தந்த பெட்டி அவர்களது வீட்டுச் சுவரில் இருந்தது. கடவுச்சொல் அவர்களது மூத்த மகனுக்கு மட்டுமே தெரிந்திருந்தது. போகும்போது இணைப்பை நிறுத்தும்படி அவர்கள் எழுதிக் கொடுத்தது நியாயமே. ஆளில்லாத வீட்டுக்கு யார் மாதப் பணம் கட்டுவார்? அவர்கள் மீது குறை சொல்ல எமக்கு வாயில்லை. இரண்டு வருடமாகக் காசு சேர்த்துக் கொடுத்தோமே தவிர, அந்தப் பெட்டி எங்கே இருக்கவேண்டும், எவர் பெயரில் இருக்கவேண்டும் என்று ஒரு நாளாவது கூடிப் பேசாத குறை எம்முடையது.

இன்று பல குடியிருப்புகளுக்கு வெளிநாட்டு உறவினரின் உதவியுடன் இப்படியான இணைப்புகள் வருகின்றன. ஆகவே நாம் பட்டதைச் சொல்லி, எமது கருத்தையும் முன்வைக்க விரும்புகின்றோம். எத்தனை பெட்டி வாங்கலாம் என்பது இரண்டாவது கேள்வி. வாசல் யார் கையில் இருக்கவேண்டும் என்பதே முதற் கேள்வி.

கமக்காரனுக்கு இது எதற்கு?

"கையிலே போன் இருக்கின்றது, டேட்டா போட்டால் போதும்" என்று சொல்வோர் எம்மிடையே உள்ளனர். 2020 மார்ச்சில் கொரோனாவினால் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டபோது நாம் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தோம். ஒரு வீட்டில் ஒரு போன், மூன்று பிள்ளைகள். ஒருவருக்குப் பாடம் வரும்போது மற்ற இருவரும் காத்திருந்தார்கள். கூலி வேலை இல்லாத வாரத்தில் டேட்டாவும் இல்லை. 2021 இல் மலைநாட்டுக் கிராமமொன்றின் பிள்ளைகள் சிக்னல் தேடிப் பாறை மீது ஏறிப் படித்ததைப் பத்திரிகைகள் படத்துடன் வெளியிட்டன. எமது பிள்ளைகள் ஏறியது குளக்கட்டில்.

பிள்ளைகளுக்கு மட்டுமல்ல. சோளத்தில் படைப்புழு விழுந்தால் படம் எடுத்து விவசாயப் போதனாசிரியருக்கு அனுப்பலாம். மிளகாய் ஆய்வதற்கு முன் தம்புள்ளைச் சந்தை விலையைக் கேட்டறியலாம். மழை அறிவித்தலைப் பார்த்து நெல் காயவிடுவதா, அள்ளுவதா என்று முடிவு செய்யலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, காணி பற்றிய படிவங்களும் கடிதங்களும் இந்த வழியாலேயே வருகின்றன, போகின்றன. காணிக்காகக் காத்திருப்பவர்களுக்கு இது பொழுதுபோக்கு அல்ல.

வாசலும் வாய்க்காலும்

கம்பனி கொண்டுவந்து பூட்டுகின்ற ரவுட்டர் பெட்டியே வாசல். வெளி உலகத்துக்கும் எமது வீட்டுக்கும் நடுவே அது நிற்கின்றது. எமது ஒவ்வொரு போனுக்கும் கணினிக்கும் ஓர் இலக்க விலாசம் கொடுத்து, வருவதைப் பிரித்து உரிய இடத்துக்கு அனுப்புவதும் அதுவே. குளத்துத் துருசு போன்றது என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் அந்தப் பெட்டியின் வைஃபை இரண்டு மூன்று சுவர்களைத் தாண்டுவதற்குள் மெலிந்துவிடும். தகரக் கூரையும் தகர மறைப்பும் அதனைப் பெரிதும் தடுத்துவிடும். இந்தக் குறையைத் தீர்க்க வந்ததே மெஷ் என்னும் கண்ணி வலை முறை. முதற் பெட்டி கம்பனியின் வாசலுடன் வயரால் இணைக்கப்படும். ஏனைய பெட்டிகள் ஒன்றிடமிருந்து ஒன்று காற்று வழியே வாங்கி முன்னே கொடுக்கும். எல்லாவற்றுக்கும் ஒரே பெயர், ஒரே கடவுச்சொல். நாம் நடந்து செல்லும்போது போன் தானாகவே அருகிலுள்ள பெட்டிக்கு மாறிக்கொள்ளும்.

கனடாவிலுள்ள உறவினர் ஒருவர் இப்படி 4 பெட்டிகள் அனுப்பினார். பூட்டியவர் ஒரு மணி நேரத்தில் பூட்டிவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு தொடங்கியது தொல்லை. படம் பார்க்கலாம், ஆனால் வட்ஸ்அப்பில் பேச்சு அறுந்து அறுந்து வந்தது. அச்சு இயந்திரம் ஒரு போனுக்குத் தெரியும், மற்றதற்குத் தெரியாது. பல மாதங்கள் கம்பனியைத் திட்டினோம். ஈற்றில் தொழில்நுட்பக் கல்லூரியில் படிக்கும் எமது ஊர்ப் பிள்ளை ஒருவர் விடுமுறையில் வந்து பார்த்துச் சொன்னார்: "ஐயா, ஒரு ஊருக்கு ரெண்டு விதானை இருக்கினம். ரெண்டு பேரும் விலாசம் குடுக்கினம்."

விடயம் இதுதான். கம்பனியின் பெட்டியும் விலாசம் கொடுத்தது, மெஷ்ஷின் முதற் பெட்டியும் விலாசம் கொடுத்தது. ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வாசல். கம்பனிப் பெட்டியின் வைஃபையும் தனியே ஓடிக்கொண்டிருந்தபடியால் சில போன்கள் ஒரு பக்கமும் சில மறு பக்கமும் நின்றன. இதைச் சீர்செய்ய இரண்டு வழிகள் உள்ளன. கம்பனிப் பெட்டியைப் பாலம் போல வெறுமனே கடத்தும் நிலைக்கு, அதாவது 'பிரிட்ஜ்' நிலைக்கு, மாற்றிவிட்டு விதானை வேலையை மெஷ்ஷிடம் கொடுப்பது ஒன்று. மெஷ்ஷை 'அக்ஸஸ் பொயின்ற்' என்ற நிலைக்கு மாற்றி, விதானை வேலையைக் கம்பனிப் பெட்டியிடமே விடுவது மற்றது. ரெலிபோனும் தொலைக்காட்சியும் கம்பனிப் பெட்டி வழியாகவே வருமாயின் இரண்டாவது வழி தொல்லை குறைந்தது. எதைச் செய்தாலும் கம்பனிப் பெட்டியின் சொந்த வைஃபையை நிறுத்திவிடுவது நல்லது. பெட்டியின் அடியில் ஒட்டியுள்ள கடவுச்சொல்லையும் முதல் நாளிலேயே மாற்றவேண்டும்.

இரண்டாவது பாடம் இடம் பற்றியது. வாசல் ஒரு கரையில் உள்ள வீட்டில் இருந்தது. அங்கிருந்து மூன்று தாவல் தாவியே நான்காம் பெட்டிக்கு இணையம் சென்றது. சாதாரணப் பெட்டிகள் ஒரே அலையில் வாங்கி அதே அலையில் கொடுப்பதால் ஒவ்வொரு தாவலிலும் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். வாய்க்காலின் கடைசி வயலுக்குத் தண்ணீர் சேர்வது போலத்தான். அதோடு, சிக்னல் இல்லாத இடத்திலேயே பெட்டியை வைத்துவிட்டு 'இது வேலை செய்யவில்லை' என்றோம். சிக்னல் நன்றாக உள்ள இடத்துக்கும் இல்லாத இடத்துக்கும் நடுவிலேயே அதை வைக்கவேண்டும். வாங்குவதற்கு அதனிடம் ஏதாவது இருந்தால்தானே கொடுப்பதற்கு இருக்கும்?

வாசல் நடுவில் இருந்தால் எந்த வீட்டுக்கும் ஒரு தாவல் அல்லது இரண்டு தாவல்தான். எமது குடியிருப்பின் நடுவில் இருப்பது பொதுநோக்கு மண்டபம். நியாயத்துக்கு எது பொருத்தமோ அதுவே சிக்னலுக்கும் பொருத்தமாய் அமைந்திருக்கின்றது. இதை நாம் காணாமல் இருந்தோம்.

மற்றவர்கள் செய்தது

இது எம்மால் முடியாத காரியம் என்று எண்ண வேண்டியதில்லை. இந்தியாவின் தர்மசாலாவில் வாழும் திபெத்தியர்களும் எம்மைப் போல இடம்பெயர்ந்தவர்களே. 2005 இல் இந்திய அரசு வெளியிடங்களில் வைஃபை பாவிப்பதற்கான கட்டுப்பாட்டைத் தளர்த்தியதும், அங்கே மலைச்சரிவில் பள்ளிக்கூடங்களையும் அலுவலகங்களையும் இணைத்து ஒரு மெஷ் வலை அமைக்கப்பட்டது. விலை குறைந்த ரவுட்டர்களையே திருத்திப் பாவித்தார்கள். குரங்குகள் அன்ரனாக்களைப் பிடித்துத் தொங்கியதையும் சமாளித்தார்கள். ஏர்ஜல்தி என்னும் அமைப்பு அதிலிருந்து வளர்ந்தது.

ஸ்பெயின் நாட்டின் கத்தலோனியாவில் ஒசோனா என்ற கமப் பிரதேசத்துக்குக் கம்பனிகள் வேகமான இணைப்பைக் கொண்டுவரவில்லை. 2004 இல் ராமோன் ரோகா என்பவரும் அயலவர்களும் தாமே கம்பியில்லாத் தொடர்பைக் கட்டத் தொடங்கினர். குய்ஃபி என்ற அந்த வலையில் பின்னர் 30,000க்கும் மேற்பட்ட இடங்கள் இணைந்தன. அவர்களது விதி எளிமையானது. உன் பெட்டி உன்னுடையது, ஆனால் அதனூடாக அயலவனின் தொடர்பும் போக நீ இடம் விடவேண்டும்.

எமது நாட்டிலும் அனுராதபுர மாவட்டத்தில் வில்பத்துக் காட்டோரம் உள்ள மகாவிலச்சிய என்ற கமக்காரர் கிராமத்தில், ஆசிரியர் நந்தசிறி வன்னிநாயக்க தொடங்கிய ஹொரைசன் லங்கா முயற்சியின் தொடர்ச்சியாக 2006 ஆம் ஆண்டளவில் வீடுகளுக்கிடையே கம்பியில்லா வலை வந்தது. அதுவும் யுத்தத்தின் எல்லைக் கிராமமாக இருந்த ஊரே.

இந்த மூன்று இடங்களிலும் பெட்டிகளுக்கு முன்னால் ஆட்கள் கூடினார்கள் என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

எமது கருத்து

"நாம் இங்கே தற்காலிகமாகத்தானே இருக்கின்றோம், இதற்கெல்லாம் சங்கம் எதற்கு?" என்று ஒரு பெரியவர் கேட்டார். அவரது கேள்வியிலேயே பதிலும் இருக்கின்றது. நாம் தற்காலிகமாக இருப்பதனாலேயே ஒரு வீட்டை நம்பி இருக்க முடியாது. இன்று ஒரு குடும்பம் போகும், நாளை இன்னொன்று போகும். போகவேண்டும் என்பதே எல்லோரது விருப்பமும். ஒருவர் வீடு திரும்பும் நல்ல நாள் மற்றவர்களுக்கு இருளாக அமையக் கூடாது. ஆகவே நாம் சொல்வது பின்வருமாறு:

1. இணைப்பு கிராம அபிவிருத்திச் சங்கத்தின் பெயரில், பொதுக் கட்டடத்தில் இருக்கவேண்டும். மாதக் கணக்கு மண்டபச் சுவரில் ஒட்டப்படவேண்டும்.

2. கடவுச்சொற்களும் பெட்டியின் அமைப்பும் ஒரு கொப்பியில் எழுதப்பட்டு, குறைந்தது மூவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். மூவரில் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். பகலில் ஊரில் நிற்பவர்கள் பெரும்பாலும் பெண்களே.

3. கம்பனியுடன் செய்யும் ஒப்பந்தத்தை வாசிக்க வேண்டும். 1991 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்க இலங்கைத் தொலைத்தொடர்புச் சட்டத்தின் கீழ், தொலைத்தொடர்புச் சேவை நடத்த அனுமதிப்பத்திரம் வேண்டும். ஆகவே இணைப்பை வாங்கி விற்பது எமது வேலையல்ல. வீடுகளுக்குப் பகிர்வதாயின் கம்பனியிடம் எழுத்தில் சம்மதம் கேட்போம். சம்மதம் கிடைக்காவிட்டால் மண்டபத்திலும் அதன் முற்றத்திலும் மட்டும் பாவிப்போம். அதுவும் சிறிய காரியமல்ல.

4. ஐப்பசி, கார்த்திகையிலும் சித்திரையிலும் பின்னேர இடி மின்னலுக்கு முன் வயர்களைக் கழற்றும் பொறுப்பு ஒருவருக்குக் கொடுக்கப்பட வேண்டும். வீட்டுக்கு வீடு செப்பு வயர் இழுப்பதைத் தவிர்க்க வேண்டும், மின்னல் அதன் வழியே உள்ளே வரும். 2022 இல் ஒரு நாளில் 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்ததை மறக்கலாகாது. வாசலுக்கும் முதற் பெட்டிக்கும் ஒரு சிறிய பற்றறி போதும்.

5. மாதாந்த டேட்டாவுக்கு அளவு உண்டாயின் முறை வைக்கவேண்டும். பரீட்சைக் காலத்தில் பின்னேரம் 6 மணி முதல் 9 மணி வரை பிள்ளைகளுக்கு. தண்ணீருக்கு முறை வைக்கத் தெரிந்த எமக்கு இது புதிதல்ல.

இணையம் நின்ற அந்த மூன்று வாரங்களில் இரண்டு பிள்ளைகள் விண்ணப்பம் அனுப்புவதற்காகப் பட்டணத்துக்குப் பஸ் ஏறினார்கள். ஒருவருடையது கடைசி நாளில் போய்ச் சேர்ந்தது. மற்றவருடையது சேரவில்லை. அந்தப் பிள்ளையின் தாயார் எம்மில் எவரையும் ஏசவில்லை. "அடுத்த வருஷம் போடட்டும்" என்று மட்டும் சொன்னார். அந்த ஒரு வருடத்தை எம்மால் திருப்பிக் கொடுக்க முடியாது.

இப்போது இணைப்பு சங்கத்தின் பெயரில் மண்டபத்துக்கு வந்திருக்கின்றது. கொப்பி பெட்டகத்தில் இருக்கின்றது, மூன்று பேருக்குத் திறப்பு இருக்கின்றது. காணிக்குத் திரும்பிய குடும்பம் தம்மிடமிருந்த மெஷ் பெட்டியைத் தாமே கொண்டுவந்து தந்தது. அடுத்து எவர் வீடு திரும்பினாலும் நாம் சந்தி வரை சென்று மனம் நிறைந்து வழியனுப்பலாம். உங்கள் குடியிருப்பில் வாசல் யார் கையில் இருக்கின்றது என்பதை அடுத்த சங்கக் கூட்டத்திலேயே கேட்டுப் பாருங்கள்.