தின்னும் வாயை எண்ணாத கணக்கு

மீன்வளம் பற்றிய எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் இதைக் கேட்கலாம்: ஒவ்வொரு மீனுக்கும் ஓர் அளவு வையுங்கள், அதைத் தாண்டாமல் பிடியுங்கள், மிச்சத்தைக் கடல் பார்த்துக்கொள்ளும். அதிகாரி சொல்கிறார், ஏற்றுமதியாளர் சொல்கிறார், கடல்மீது உண்மையான அக்கறை உள்ளவர்களும் சொல்கிறார்கள். இந்த நம்பிக்கை தவறு என்பது மட்டுமல்ல, கடலோர ஊர்களின் பிழைப்பையே கெடுத்த தவறு. மீன் மீனைத் தின்னும் என்பது மீன் வெட்டத் தெரிந்த எல்லாருக்கும் தெரியும். அந்த ஒன்றைத்தான் இந்தக் கணக்கு விட்டுவிடுகிறது.

நார்வேக்கும் ரஷ்யாவுக்கும் வடக்கே இருக்கிறது பேரன்ட்ஸ் கடல். இரு நாட்டுக்கும் பொதுவானது. பனிப்போர் நடந்துகொண்டிருந்த 1970களிலேயே இரு அரசுகளும் கூட்டு ஆணையம் அமைத்து, மீனுக்கு மீன் அளவு போட்டுப் பங்கிட்டுக்கொண்டன. அங்கே கேப்பலின் என்று ஒரு சின்ன மீன். ஒரு சாண் நீளம்கூட வராது. வடக்கே பனி விளிம்பில் மிதவை உயிரிகளைத் தின்று கொழுத்து, குளிர்காலக் கடைசியில் முட்டையிடக் கரைக்கு வரும். காட் மீன், ஹார்ப் சீல், கில்லிமாட் பறவை எல்லாம் அதன் வரவை நம்பி வாழ்பவை. 1977இல் மட்டும் கிட்டத்தட்ட 30 லட்சம் டன் கேப்பலினை அள்ளினார்கள்.

1983இல் ஹெர்ரிங் குஞ்சுகள் ஏராளமாகப் பிழைத்தன. 1960களில் அளவில்லாமல் பிடித்து ஒழித்த மீன் திரும்பி வருகிறதே என்று எல்லாருக்கும் மகிழ்ச்சி. அதே ஆண்டு காட் மீனும் நன்றாகப் பெருகியது. தனித்தனி ஏட்டில் பார்த்தால் இரண்டுமே வரவு. கடலுக்குள் நடந்தது வேறு. ஹெர்ரிங் குஞ்சுகள் அப்போதுதான் பொரித்த கேப்பலினைத் தின்றன. காட் வளர்ந்த கேப்பலினைத் தின்றது. மேலே கப்பல்கள் அள்ளுவதை நிறுத்தவில்லை. 1980இல் 60 லட்சம் டன்னுக்கு மேல் இருந்த கேப்பலின், 1986இல் ஏறக்குறைய ஒரு லட்சம் டன்னுக்கு வந்துவிட்டது.

இரை போனதும் காட் மெலிந்தது, தன் குஞ்சுகளையே தின்றது. அந்தக் கடலில் உள்ள பேர் (Bear) தீவில் முட்டையிடும் கில்லிமாட்களில் பத்துக்கு எட்டு ஒரே ஆண்டில் காணாமல் போயின. சீல்கள் பசியோடு நார்வே கரைக்குக் கூட்டம் கூட்டமாக வந்தன. 1987இல் மட்டும் 50,000க்கு மேற்பட்ட சீல்கள் மீனவர்களின் வலையில் சிக்கி மூழ்கிச் செத்தன. வலை போட்டவனுக்கு மீனும் இல்லை, வலையும் மிஞ்சவில்லை. 1989 ஏப்ரலில் கரையோரக் காட் பிடிப்பையே அரசு நிறுத்த வேண்டியதாயிற்று.

கணக்குப் போட்டவர்கள் விவரம் தெரியாதவர்கள் அல்ல. அவர்கள் ஏட்டில் 'இயற்கைச் சாவு' என்று ஓர் இடம் உண்டு. காட் போன்ற மீன்களுக்கு அதில் வழக்கமாக 0.2 என்று எழுதிவிடுவார்கள். அதாவது, வலையில் சிக்காமலே ஆண்டுக்கு நூற்றுக்குப் பதினெட்டு மீன் சாகும். இரை ஏராளமான ஆண்டிலும் 0.2, இரை அற்றுப்போன ஆண்டிலும் 0.2, தின்னும் வாய் இரட்டித்த ஆண்டிலும் அதே 0.2. என்னைக் கேட்டால், மொத்தத் தவறும் அந்த ஓர் எண்ணுக்குள் அடங்கிவிடும்.

'எது எதை எவ்வளவு தின்கிறது என்று யாருக்குத் தெரியும்?' என்று உடனே கேட்பார்கள். தெரியாததைக் கணக்கில் சேர்க்காமல் விட்டால், எதுவும் எதையும் கூடுதலாகத் தின்னவில்லை என்று எழுதியதாகிறது. அது பச்சைப் பொய். அதோடு, தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. 1980களின் நடுவிலிருந்து பெர்கன் நகரத்து ஆய்வாளர்களும் முர்மான்ஸ்க் ஆய்வாளர்களும் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான காட் வயிறுகளைக் கிழித்துப் பார்க்கிறார்கள். உள்ளே இருப்பதைத் தட்டில் பரப்பி, இனம் பிரித்து, நிறுத்து எழுதுகிறார்கள். செரித்துக் கூழாகிவிட்ட மீனையும், கரையாமல் கிடக்கும் காதுக்கல்லைப் பொறுக்கி இன்ன மீன் என்று சொல்லிவிடுவார்கள்.

அந்த வயிறுகள் சொன்னதை வைத்தே இன்று கேப்பலினுக்கு அளவு போடுகிறார்கள். காட் தின்னப்போவதை முதலில் கழிக்கிறார்கள். முட்டையிட 2 லட்சம் டன்னாவது மிஞ்சும் என்பதற்கு நூற்றுக்கு 95 வாய்ப்பு இருக்க வேண்டும். அதற்கு மேல் இருந்தால்தான் மனிதனுக்கு. இல்லாத ஆண்டில் பூஜ்யம். அப்படிப் பல ஆண்டுகள் வந்திருக்கின்றன. கேப்பலின் பிறகும் சரிந்ததுண்டு. ஆனால் வேறு இரையும் கிடைத்ததால் 1987இன் கொடுமை திரும்பவில்லை.

1982இன் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையின் 61ஆவது பிரிவே, பிடிக்கும் மீனைச் சார்ந்து வாழும் மற்ற உயிர்களையும் கருத்தில் கொள்ளச் சொல்கிறது. கையெழுத்துப் போட்ட நாடுகளில் எத்தனை, அதற்காக ஒரு மீனின் வயிற்றையாவது திறந்து பார்த்தன?

பாக் விரிகுடாவும் இரு நாட்டுக் கடல்தான். அங்கே மீனுக்கு மீன் அளவு என்பதும் கிடையாது. இராமநாதபுரம் கரையில் இழுவைப்படகு வந்து சேரும் நேரத்தில் நின்று பாருங்கள். இறால், நண்டு, கணவாய் பெட்டிக்குப் போகும். மிச்சத்தைத் தரையில் கொட்டுவார்கள். அதற்குச் சங்காயம் என்று பெயர், மீன்மாவு ஆலைக்குப் போவது. அந்தக் குவியலைக் கையால் விலக்கினால் விரல் நீளச் சீலாக் குஞ்சு கிடக்கும். அது வளர்ந்து தின்ன வேண்டிய நெத்திலியும் காரலும் அதன் பக்கத்திலேயே நசுங்கிக் கிடக்கும். தின்பதையும் தின்னப்படுவதையும் ஒரே கூடையில் அள்ளி, ஒரே தராசில் நிறுத்து, ஒரே விலை போட்டு லாரியில் ஏற்றுகிறார்கள்.